பல் கட்டுகிறவரின் மகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்கு மேலே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு துணுக்கு வந்திருந்தது. கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கும் ஒரு பெண், டோக்கியோ டோம் என்கிற பேஸ்பால் அரங்கையே பாட்டுக் கச்சேரிக்கு நிரப்பினார் என்று செய்தி. பக்கத்தில் மைக் பிடித்து நிற்கும் அவர் படம். இரண்டு தடவை படித்தேன். அரங்கத்தின் பெயர் இருந்தது, அது இருக்கும் ஊரின் பெயர் இருந்தது. பாடியவர் வெறும் 'ஜப்பானியப் பெண் ஒருவர்'.

அவர் பெயர் மிசுகி நானா. மிசுகி என்பது குடும்பப் பெயர். நாம் இனிஷியலை முன்னால் போடுகிற மாதிரி அவர்கள் அதை முன்னால் சொல்வார்கள். அதுவும் மேடைக்காக வைத்துக்கொண்டது, பிறந்த வீட்டுப் பெயர் கொண்டோ. டோக்கியோ டோமில் அவர் பாடியது 2011 டிசம்பர் 3, 4 ஆகிய இரண்டு நாள். குரல் நடிகர் ஒருவர் அங்கே தனிக் கச்சேரி செய்தது அதுதான் முதல் தடவை. இதைத் திருத்தமாக ஒரு வரி போட்டுவிடுங்கள் என்று சொல்ல போஸ்ட் கார்டு எடுத்து உட்கார்ந்தேன். கார்டு போதவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் முப்பத்தொரு வருஷமாகப் பல் கட்டுகிறேன். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். நான் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி டிரையலுக்கு அனுப்புவேன். டிரையல் சரி என்று வந்தால் பிளாஸ்க் என்கிற உலோக அச்சுப் பெட்டியில் வைத்து வேகவைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுப்பேன். நான் கட்டிய பல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எத்தனையோ பேர் நல்லி எலும்பு கடிக்கிறார்கள். ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. 'அந்த டாக்டருக்கு நல்ல கைராசிப்பா' என்பார்கள். இதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. தொழில் அப்படி.

அப்படிப்பட்டவனுக்கு ஜப்பான் பாடகியோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது ராத்திரி பதினொரு மணிக்கு செல்போனை வைத்துக்கொண்டு நருட்டோ என்கிற ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பாள். ஜப்பான் மொழியில்தான். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொள்வாள். 'என்னடி புரியுது?' என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அவள் போனை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: 'அப்பா, இப்பப் பேசுன பொண்ணு இருக்காள்ல, அவளுக்குக் குரல் குடுத்தவங்களோட அப்பாவும் உங்கள மாதிரி பல் கட்டுறவருதான்.'

திட்ட வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அன்றிலிருந்து மிசுகி நானா என்கிற அந்த அம்மாவைப் பற்றி எது கிடைத்தாலும் மகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அதனால் இப்போது எழுதுவதில் பாதி அவள் சொன்னது.

ஷிகோகு என்று ஒரு தீவு. அதில் எஹிமே மாவட்டம், நீஹாமா என்று ஓர் ஊர். 1980 ஜனவரி 21-ல் நானா பிறந்தது அங்கேதான். செம்புச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. 1691-ல் தோண்ட ஆரம்பித்த பெஷ்ஷி சுரங்கம் 1973 வரை ஓடியிருக்கிறது. அக்டோபரில் அங்கே ஒரு திருவிழா. ஒவ்வொரு பகுதிக்காரர்களும் பெரிய முரசு வைத்த தேர் மாதிரி ஒன்றை அலங்காரம் பண்ணி, நூற்றைம்பது பேர் வரை தோள் கொடுத்துத் தூக்கி வருவார்கள். எதிரெதிரே வந்துவிட்டால் யார் அதிக நேரம் உயர்த்திப் பிடிக்கிறார்கள் என்று போட்டி வேறு. மகள் அந்த வீடியோவைக் காட்டியபோது என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, 'இது எந்தூரு அழகரு?' என்று கேட்டார்.

அந்த ஊரில் பல் கட்டுகிற தொழில் பார்த்துக்கொண்டே நானாவின் அப்பா கரோக்கியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு ஐந்து வயதிலிருந்து பாட்டுப் பயிற்சி. பாட்டு என்றால் சினிமாப் பாட்டோ பாப் பாட்டோ இல்லை, என்கா. துறைமுகம், பிரிவு, மழை, சாராயம், விட்டுவந்த சொந்த ஊர், இவைதான் அதில் திரும்பத் திரும்ப வரும். நம் ஆட்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாகக் கேட்கிற சோகப் பாட்டு ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொபுஷி என்று ஒரு நுணுக்கம், ஒரு சுரத்தில் நிற்கும்போது குரலைச் சட்டென்று சுழற்றி மடக்கி விடுவது. நான் இளவட்டமாக இருந்தபோது இரண்டு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடியவன். அதனால் சொல்கிறேன், அது நம் பிருகாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. நானா இன்றைக்கு கிதாரும் டிரம்ஸும் இடிக்கிற வேகப் பாட்டு பாடும்போதும் அந்த மடக்கு உள்ளே எங்கேயோ வந்துவிடும். ஐந்து வயதில் அப்பா போட்ட அஸ்திவாரம் சும்மா போகுமா?

ஊர் ஊராகப் பாட்டுப் போட்டிக்குப் போய், என்கா பாடகி ஆகும் கனவோடு பதினைந்து வயதில் டோக்கியோவுக்கு வந்திருக்கிறார். பகலில் பள்ளிக்கூடம், கூடவே குரல் நடிப்புப் பயிற்சி. என்கா பாடகி ஆனாரா என்றால் இல்லை. 1998-ல் ஒரு வீடியோ கேமில் வரும் பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் குரல் கொடுத்ததுதான் முதல் வேலை. 2000 டிசம்பரில் முதல் பாட்டுத் தட்டு. அப்புறம் 2002 அக்டோபரில் நருட்டோ தொடங்கியது. அதில் அவருக்குக் கிடைத்தது ஹினாட்டா என்ற பெண் பாத்திரம்.

ஹினாட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த இடம் அதுதான். பெரிய வீட்டுப் பெண், அப்பா கண்டிப்பானவர், பிள்ளைக்கு எதற்கெடுத்தாலும் பயம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியில் முட்டிக்கொண்டுதான் பேசுவாள். கதாநாயகப் பையனை 'நருட்டோ-குன்' என்று கூப்பிடுவாள் பாருங்கள், முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும். மூச்சுதான் முதலில் வரும், பின்னால் அரைச் சத்தம், அதற்குப் பின்னால்தான் சொல். ஜப்பான் மொழியில் ஒரு வார்த்தை தெரியாத எனக்கு, அந்தப் பிள்ளை வீட்டில் திட்டு வாங்கி வளர்ந்தது என்று அந்த ஒரு கூப்பிடுதலிலேயே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்போதும் தெரிந்தது.

உடனே மகள் இன்னொரு வீடியோவைப் போட்டாள். அதே அம்மா மேடையில் நின்று அடி வயிற்றிலிருந்து பாடுகிறார். ஆயிரக்கணக்கான பேர் கையில் நீல விளக்குக் குச்சியை ஆட்டுகிறார்கள். இரண்டும் ஒரே தொண்டையா என்று நான் நம்பவில்லை.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-ல் வந்த நனோஹா என்ற தொடரில் ஃபேட் என்ற பாத்திரத்துக்குப் பேசியதும் அவர்தான், தொடக்கப் பாட்டைப் பாடியதும் அவர்தான். 2005-ல் புடோகான் அரங்கில் கச்சேரி. 2009 ஜூனில் வந்த அவருடைய ஆல்பம் அந்நாட்டு வார விற்பனைப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. 2010 ஜனவரியில் தனிப்பாட்டுப் பட்டியலிலும் அதேபோல. இரண்டுமே அதுவரை எந்தக் குரல் நடிகருக்கும் நடக்காதவை. 2016-ல் கோஷியென் என்ற பழைய பேஸ்பால் மைதானத்தில் பாடினார். வாராவாரம் ரேடியோ நிகழ்ச்சி 2001-லிருந்து. நாற்பது வயதில் கல்யாணம், மறு வருஷம் குழந்தை.

ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் ஓடுகிற மாதிரி, ஜப்பானில் ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரியும் ஒரு பாட்டு நிகழ்ச்சி ஓடும். கோஹாக்கு என்று பெயர். 1951-லிருந்து நடக்கிறது. பெண்கள் சிவப்பு அணி, ஆண்கள் வெள்ளை அணி, கடைசியில் தீர்ப்பும் உண்டு. பாட்டன் முதல் பேரன் வரை குடும்பமே உட்கார்ந்து பார்ப்பார்கள். அதில் கூப்பிட்டுப் பாட வைப்பது ஒரு பெரிய மரியாதை. 2009-ல் நானாவைக் கூப்பிட்டார்கள். 2014 வரை ஆறு வருஷம் தொடர்ந்து கூப்பிட்டார்கள். என்கா பாடகர்களும் சரிசமமாக நிற்கிற மேடை அது. அதைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் என் கடைக்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். வழக்கமாக நோயாளிகள் என் மாடிக்கு வர மாட்டார்கள். இவரை டாக்டரே அனுப்பி வைத்தார். மேல் செட், கீழ் செட் இரண்டும் புதிது. பொருத்தத்தில் குறை இல்லை, சாப்பிட முடிகிறது. 'பல்லு வந்துருச்சு தம்பி, குரல் போயிருச்சே' என்றார். கேட்டால், கோயில் திருவிழாக்களில் ராத்திரி நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் நாற்பது வருஷம் முருகன் வேஷம் கட்டியவர். 'சண்முகா' என்று பாடினால் 'தண்முகா' என்று வருகிறது. நாடகத்தில் முருகனே தன் பெயரைத் தப்பாகச் சொன்னால் சனம் சும்மா விடுமா?

மேல் முன்பல்லுக்குப் பின்னால், அண்ணத்துப் பக்கம் நான் கொஞ்சம் கனமாக விட்டிருந்தேன். நாக்கு நுனிக்கு அங்கே இடம் போதவில்லை, 'ச' சொல்லும்போது காற்று போக வேண்டிய வாய்க்கால் அடைபட்டுவிட்டது. ஒரு சுரண்டு சுரண்டுவேன், கழுவிக் கொடுப்பேன், அவர் மாட்டிக்கொண்டு 'சண்முகா' என்பார். இன்னும் வரவில்லை. மறுபடி சுரண்டுவேன். நகக் கனத்தில் பாதிதான் ஒவ்வொரு தடவையும் எடுக்கலாம், அதிகம் போனால் அண்ணம் ஓட்டையாகிவிடும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ வந்தது 'சண்முகா'. வந்ததும் நிறுத்தவில்லை மனுஷர், மாடியிலேயே நின்று கால் மணி நேரம் பாடினார். கீழே டீக்கடையில் ஆட்கள் எழுந்து மேலே பார்த்தார்கள்.

பல்லைக் கட்டுவதும் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் இரண்டு வேறு தொழில் என்று அதுவரை நினைத்திருந்தேன். நீஹாமாவில் அந்த மனிதர் இரண்டையும் ஒரே வீட்டில் செய்திருக்கிறார் என்று மகள் சொன்னபோது எனக்கு இந்தப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

பெரியவர் காசு கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய நோட்டீஸை எடுத்து எனக்குக் கொடுத்தார். ரோஸ் காகிதம், மடித்த இடமெல்லாம் கிழிந்தது. இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேலூர் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா நாடகம். ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், பபூன் இன்னார், டான்ஸ் இன்னார். அதோடு விடவில்லை. ஆர்மோனியம் இன்னார், மிருதங்கம் இன்னார், ஆல்ரவுண்டு என்கிற தாள வாத்தியம் இன்னார். எல்லோருக்கும் ஊர்ப் பெயரோடு. கீழே சீன் செட்டிங் யார், மைக்செட் யார் என்றும் அச்சடித்திருக்கிறார்கள். கோயில் கமிட்டி காசு பிரித்து அடித்த நோட்டீஸ் ஐயா அது. ஆல்ரவுண்டு வாசிக்கிறவரை ஊரில் யாரும் நின்று கவனித்திருக்க மாட்டார்கள். அவருக்கும் அதில் ஒரு வரி.

இப்போது என் வீட்டுக் கதை. நருட்டோ பார்த்த மகள் பி.காம். முடித்தாள். வங்கிப் பரீட்சை எழுதுவாள் என்று நினைத்தோம். அவள் சென்னைக்கு டப்பிங் பேசப் போகிறேன் என்றாள். மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். முதலில் குரூப் வாய்ஸ். சினிமாவில் சந்தை, கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு என்று வந்தால் பின்னால் கசகசவென்று பேச்சுக் கேட்குமே, அது. நாலு பேர் நின்று நாற்பது பேர் மாதிரிப் பேச வேண்டும். மதுரைத் தமிழ் வருகிறது என்பதால் சண்டைக் காட்சி, இழவு வீடு இரண்டுக்கும் அவளைக் கூப்பிடுவார்களாம். நம் ஊருக்கு அப்படி ஒரு பெயர்.

அப்புறம் ஒரு டப்பிங் கார்ட்டூனில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்குக் குரல் கொடுக்கும் வேலை கிடைத்தது. பையனுக்கு ஏன் பெண் என்று என் மனைவி கேட்டாள். ஜப்பானில் அதுதான் வழக்கம். நருட்டோவுக்குக் குரல் கொடுத்தது டகேயுச்சி ஜுன்கோ என்ற பெண். டிராகன் பால் கோகுவுக்கு 1986-லிருந்து பேசுகிறவர் நொசாவா மசாகோ, 1936-ல் பிறந்த அம்மா. சின்னப் பையன்களுக்குக் குரல் உடைந்துவிடும், பெண் பேசினால் வருஷக்கணக்கில் அப்படியே ஓடும். நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்கள் சேலை கட்டி வந்தார்கள், அங்கே அம்மாக்கள் அரை டிராயர் போட்ட குரலில் பேசுகிறார்கள். கணக்கு சரியாகப் போயிற்று.

முதல் எபிசோடு வந்த அன்று பக்கத்து வீட்டார் உட்பட ஒன்பது பேர் எங்கள் டிவி முன்னால். பையன் வாயைத் திறந்ததும் என் மாமியார் கையைத் தட்டினார். முடிந்தபின் எழுத்து ஓட ஆரம்பித்தது. படம் வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், இசை, கம்ப்யூட்டர் வேலை என்று எறும்பு மாதிரி எழுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். தமிழில் பேசிய ஒருத்தர் பெயரும் வரவில்லை. 'எங்கடி எம்பேத்தி பேரு?' என்று மாமியார் என் மனைவியைக் கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? ராத்திரி போன் பண்ணினேன். 'அதெல்லாம் போட மாட்டாங்கப்பா. காசு ஒழுங்கா வந்தாப் போதும்' என்றாள். காசும் நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. எந்த ஸ்டூடியோ என்று எழுத மாட்டேன், அவள் அங்கே மறுபடி போக வேண்டும்.

ஜப்பானில் கார்ட்டூன் முடிந்ததும் ஓடும் எழுத்தில் பாத்திரத்தின் பெயர் ஒரு பக்கம், அதற்கு நேரே பேசியவர் பெயர் மறுபக்கம் இருக்கும். 'ஹினாட்டா: மிசுகி நானா.' அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள், அந்தப் பெயரில் வரும் பாட்டை வாங்குகிறார்கள், டோக்கியோ டோமுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். அந்த வரி இல்லாமல் உங்கள் துணுக்குச் செய்தியே இல்லை.

அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. புதிதாக வருகிறவர்கள் பலர் கடையிலும் ஹோட்டலிலும் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டுதான் குரல் வேலைக்கு அலைகிறார்கள். 1973-ல் குரல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் ஊர்வலம் போன பிறகுதான் கூலி உருப்படியாக உயர்ந்தது. இப்போது வேறு தொல்லை. நன்றாகப் பேசினால் மட்டும் போதாது, பாட வேண்டும், ஆட வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும், யாரைக் கல்யாணம் பண்ணுகிறார் என்பதும் செய்தி. மகள் அதைச் சொல்லி, 'அந்த வம்பு நமக்கு வேணாம்ப்பா, நான் பேசிட்டு வீட்டுக்குப் போறேன்' என்கிறாள். சரி, அது அவள் இஷ்டம். ஆனால் செய்யூ என்று அந்தத் தொழிலுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் ஐயா. குரலுக்கான எழுத்தையும் நடிகருக்கான எழுத்தையும் சேர்த்துச் செய்த சொல். நம்மிடம் 'டப்பிங் பேசுற பொண்ணு'.

நாம் குரலை மதிக்காத ஊர்க்காரர்களா? இல்லவே இல்லை. 1922-ல் இந்த மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு குரலிலும் சிவாஜிக்கு ஒரு குரலிலும் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு யாருக்குப் பாடியது என்று சொல்லிவிடுவோம். 2023-ல் முனிச்சாலையில் அவருக்குச் சிலையும் வைத்தாயிற்று. திரைக்குப் பின்னால் நின்று இன்னொருவர் வாய்க்குக் குரல் கொடுத்தவர்தான் அவரும். பாட்டாக இருந்தால் பெயர், பேச்சாக இருந்தால் பெயர் கிடையாது. இந்தக் கணக்கு எனக்கு எப்படிப் போட்டாலும் விளங்கவில்லை. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலா பேசும் தமிழ் நடிகை ரோகிணியின் குரல். படம் பார்த்த பத்துப் பேரைக் கேளுங்கள், பாட்டு யார் பாடியது என்று சொல்வார்கள். இதைச் சொல்வார்களா பாருங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. திருமலை நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சியைச் சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன்! தூண் மேல் சிவப்பு வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் மாறி மாறி விழும், ஆள் ஒருவரும் கிடையாது, குரல் மட்டும். கண்ணகி பேசும்போது எனக்கு முதுகுத்தண்டு சில்லிடும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன். அந்தக் கண்ணகி யார் என்று ஒரு தடவைகூட நான் யாரையும் கேட்டதில்லை. மகள் இந்தத் தொழிலுக்குப் போன பிறகுதான் கேட்கத் தோன்றியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கத்தைக் கேட்கவில்லை, சினிமாக்காரர்களைக் கேட்கவில்லை. மாநில அரசு சினிமா விருதில் குரல் கொடுப்பவருக்கென்று ஒரு விருது இருக்கிறது, அது அறிவிக்கிற அன்று நீங்கள் பெயர் போடுகிறீர்கள். மற்ற நாளெல்லாம்? உங்கள் வெள்ளிக்கிழமை பட விமர்சனத்தில் ஒரு கட்டம் கட்டுகிறீர்கள். நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று அதில் ஐந்து வரி. ஆறாவதாக 'குரல்' என்று ஒரு வரி சேருங்கள். கதாநாயகி சொந்தக் குரலில் பேசியிருந்தால் அதையே போடுங்கள், அவருக்கும் பெருமை. வேறொருவர் பேசியிருந்தால் அவர் பெயர். ஞாயிறு இணைப்பில் சிறுவர் பக்கம் இருக்கிறது. எந்தச் சேனலில் எந்தக் கார்ட்டூன் எத்தனை மணிக்கு என்று பட்டியல் போடுகிறீர்கள். உங்கள் நிருபர் ஒரு போன் போட்டுக் கேட்டால், தமிழில் யார் பேசுகிறார்கள் என்று கிடைத்துவிடும். முதல் தடவை கிடைக்காது. பத்திரிகையில் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் மூன்றாம் தடவை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள்.

இடமில்லை என்று சொல்லாதீர்கள். ராசிபலனில் பன்னிரண்டு ராசிக்கும் இடம் இருக்கிறது. போன வாரம் எனக்கு 'பேச்சில் நிதானம் தேவை' என்று போட்டிருந்தீர்கள். அதையும் மீறித்தான் இதை எழுதுகிறேன்.

கடிதம் நீளமாகிவிட்டது, வெட்டித்தான் போடுவீர்கள். எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள். மிசுகி நானா என்ற பெயரையும், நாடக நோட்டீஸ் பத்தியையும் மட்டும் விட்டுவிடுங்கள். நோட்டீஸைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், மைக்செட்காரர் பெயர் கடைசி வரியில் இருக்கிறது.

இன்னொன்று. எழுதி முடித்து மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா உங்க பேரு போட்டா யாரு பொண்ணுன்னு ஸ்டூடியோல கண்டுபிடிச்சிருவாங்க' என்றாள். அதனால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பல் கட்டுகிறவர்,
சிம்மக்கல், மதுரை - 1.